சாம்பல் மழையும் கரும்புக் காட்டுக் கீரியும்: போக்கிமான் புவியியல் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் வீடியோ விளையாட்டுகளை விடாமல் ஆடி வருகிறவள். அவற்றில் வரும் கற்பனை நாடுகள் உலகத்தில் எந்தெந்த இடங்களிலிருந்து பிறந்தன என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். சித்தூர் தாலுகாவிலிருந்தும் இடுக்கி மலையிலிருந்தும் வந்தவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், கான்டோ, ஜோட்டோ எல்லாம் நிஜமாவே இருக்கிற ஊருங்களா? (பத்தாம் வகுப்பு மாணவன், கொழிஞ்சாம்பாறை)

கான்டோ நிஜம், தம்பி. டோக்கியோவைச் சுற்றியிருக்கும் பகுதிக்கு ஜப்பானில் அதுதான் பெயர். 1996இல் வந்த முதல் விளையாட்டு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. ஜோட்டோ என்பது கியோட்டோ, ஒசாகா இருக்கும் கன்சாய். ஹோயன் என்றால் கியூஷு தீவு, சின்னோ என்றால் ஹொக்கைடோ. அப்புறம் ஜப்பானை விட்டு வெளியே போனார்கள்: யுனோவா நியூயார்க், கலோஸ் பிரான்ஸ், அலோலா ஹவாய், காலார் பிரிட்டன், பால்டியா ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பம். இந்தப் பட்டியலைப் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் அப்படி அமைத்தார்கள் என்று கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

ஹோயன் மேப்பையும் கியூஷு மேப்பையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஒட்டவே மாட்டேங்குதுங்க டீச்சர். (வேலந்தாவளம்)

கியூஷு படத்தை இடப்பக்கமாக 90 டிகிரி திருப்பிவிட்டுப் பார். வடக்கு மேற்காகிவிடும், தெற்கு கிழக்காகிவிடும். கியூஷுவின் வடக்கே இருக்கும் ஃபுகுவோக்கா பெருநகரம் இப்போது ஹோயனின் ரஸ்ட்போரோ நகரம் இருக்கும் மேற்கு ஓரத்துக்கு வந்துவிடும். கியூஷுவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் டனெகஷிமா தீவு கிழக்கே போய்விடும். ஹோயனின் கிழக்குக் கடலில் மாஸ்டீப் தீவு இருக்கிறதே, அங்கே ஒரு ராக்கெட் ஏவுதளம் உண்டு, ஞாபகம் இருக்கா? ஜப்பானின் பெரிய ஏவுதளம் 1969 முதல் டனெகஷிமாவில்தான் இருக்கிறது. படத்தைத் திருப்பாமல் பார்த்தால் இந்த ஒற்றுமை கண்ணில் படவே படாது.

அதே ஹோயன்ல ஒரு வழி முழுக்கச் சாம்பல் கொட்டிக்கிட்டே இருக்கும். அது கதைக்காகச் சேர்த்ததா? (பிளஸ் டூ மாணவி, சித்தூர்)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன், கண்ணு. விளையாட்டில் 113ஆம் வழித்தடம் அது. பக்கத்தில் எரிமலை. புல்லெல்லாம் சாம்பல் மூடிக் கிடக்கும். ஒரு பையை வைத்துக்கொண்டு நடந்தால் சாம்பல் சேரும், அதைக் கண்ணாடிப் பட்டறையில் கொடுத்தால் ஊதுகுழல் செய்து தருவார்கள்.

கியூஷுவின் தெற்கே ககோஷிமா என்று ஒரு நகரம். வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் சகுராஜிமா எரிமலை. 1914 வரை அது தனித் தீவு. அந்த ஆண்டு வெடித்தபோது ஓடிய குழம்பு கடலை நிரப்பி அதைப் பக்கத்துத் தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது. இன்றைக்கும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. காற்று நகரத்துப் பக்கம் திரும்பினால் துணி காயப்போட முடியாது, குடை பிடித்து நடக்க வேண்டியிருக்கும். சாம்பலை அள்ளிப் போடுவதற்கென்றே நகராட்சி தனிப் பை கொடுக்கிறது. வீட்டுக்காரர்கள் கூட்டி நிரப்பி, குறித்த இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்.

விளையாட்டில் வரும் பையை அதன் பக்கத்தில் வைத்துப் பார். எரிமலை உள்ள நாட்டை வரைகிறவர்கள் பெரும்பாலும் நெருப்பை வரைவார்கள். அங்கே தினமும் வாசல் கூட்டுகிறவர்களுடைய வேலையை நினைத்து ஒரு விளையாட்டு அமைப்பது அரிது. அதனால்தான் எல்லா நாடுகளிலும் எனக்கு ஹோயன்மேல் தனிப் பிரியம்.

எங்கப்பா கரும்பு போட்டிருக்கார், எலித்தொல்லை தாங்கல. அலோலாவுல எலி மாதிரி இருக்கிற ரட்டாட்டா ராத்திரியிலும் கீரி மாதிரி இருக்கிற யங்கூஸ் பகல்லயும் வருதே, அதுக்கும் கரும்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு அண்ணன் சொல்றான். உண்மையா? (மறையூர்)

உன் அண்ணன் சொன்னது சரி. ஹவாயில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின, கூடவே எலிகளும். தோட்ட முதலாளிகள் 1883இல் ஜமைக்காவிலிருந்து கீரிகளை இறக்கினார்கள். ஜமைக்காவுக்கு அவை எங்கிருந்து போயின தெரியுமா? 1872இல் கல்கத்தாவிலிருந்து. ஆக, நம் நாட்டுச் சிறு கீரிதான் இரண்டு கடல் தாண்டி ஹவாய் போய்ச் சேர்ந்தது.

எலி நடமாடுவது இரவில், கீரி வேட்டையாடுவது பகலில். இரண்டும் அதிகம் சந்திக்கவே இல்லை. பசித்த கீரி தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்றது. ஹவாயின் நேனே வாத்து உட்படப் பல பறவைகளுக்கு அது இன்றும் ஆபத்து. எலியும் ஒழியவில்லை.

2016இல் வந்த விளையாட்டில் எலிகளைக் கட்டுப்படுத்த வெளியிலிருந்து கொண்டுவந்த கீரி வகைதான் யங்கூஸ். முதல் வழித்தடத்திலேயே பகலில் அது வரும், இரவில் ரட்டாட்டா வரும். ஒரு சூழலியல் பிழையின் முழு வரலாறும் அந்த நேர அட்டவணையில் இருக்கிறது. அயல் உயிரினங்கள் பற்றி வகுப்பெடுக்கும்போது நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அப்பாவிடமும் சொல், அவருக்கு நன்றாகவே புரியும்.

காலார் வடக்கா தெற்கா? குழப்பமா இருக்கு. (கோபாலபுரம்)

பிரிட்டனைத் தலைகீழாக்கியதுதான் காலார். லண்டனைப் போன்ற விண்டன் மேலே, ஸ்காட்லாந்தைப் போன்ற பனிநிலம் கீழே.

டீச்சரம்மா, இதிலே கம்பெனிக்காரங்க சொன்னது எவ்வளவு, ரசிகர்கள் கட்டிவிட்டது எவ்வளவு? (ஓய்வுபெற்ற வாத்தியார், சித்தூர்)

நியாயமான கேள்வி, ஐயா. எந்தப் பகுதி எந்த நிலத்தைத் தழுவியது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்த ஊர் இன்ன ஊர்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஜோடி போடுவதில் பாதி ஊகம். ஒரே ஊருக்கு மூன்று பேர் மூன்று ஊரைச் சொல்வார்கள். பெயர்ப் பொருத்தத்தையோ கடற்கரை வளைவையோ மட்டும் வைத்துச் சொன்னால் நான் ஏற்பதில்லை. காரணமும் பொருந்த வேண்டும். சாம்பல் அங்கும் விழுகிறது, இங்கும் விழுகிறது, இரண்டு இடத்திலும் மனிதர்கள் அதைப் பையில் அள்ளுகிறார்கள் என்றால் அது சாட்சி.

இன்னொன்று, தொடக்கத்தில் அவர்களே நிஜ உலகத்தையும் கற்பனையையும் கலந்துதான் வைத்திருந்தார்கள். முதல் விளையாட்டில் மியூ என்ற போக்கிமான் கண்டுபிடிக்கப்பட்டது தென் அமெரிக்காவின் கயானாவில் என்று ஒரு நாட்குறிப்பு வருகிறது. ரைச்சு என்ற மின்சாரப் போக்கிமானின் மின்சாரம் பட்டால் இந்திய யானைகூட மயங்கிவிடும் என்று அதன் குறிப்பில் இருக்கிறது. யானைக்குப் பேர்போன நம்ம ஜில்லாப் பிள்ளைகளுக்கு அதைப் படித்ததும் ஏக சந்தோஷம்.

ஹிசுய்ல எல்லாரும் வெளியூர்ல இருந்து வந்து குடியேறினவங்களா இருக்காங்க. எங்க பாட்டி எஸ்டேட்டுக்கு வந்த கதை மாதிரியே இருந்துச்சு அக்கா. (கல்லூரி மாணவி, மூணாறு)

நீ சொன்னதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன், பாப்பா. ஹிசுய் என்பது சின்னோவின் பழைய காலம், அதாவது ஹொக்கைடோவின் பழைய காலம். 1869இல்தான் ஜப்பான் அரசு அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் வைத்து, தெற்கிலிருந்து ஆட்களைக் குடியேற்றத் தொடங்கியது. விளையாட்டில் வரும் புதுக் கிராமமும் ஆய்வுக் குழுவும் அந்தக் காலத்தின் சாயல்.

ஆனால் அந்தத் தீவு காலியாக இல்லை. ஐனு மக்கள் அங்கே இருந்தார்கள். நிலமும் மொழியும் அவர்கள் கையை விட்டுப் போயின. அவர்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பான் சட்டத்தில் எழுதியது 2019இல்தான். விளையாட்டில் ஏற்கெனவே அங்கு வாழும் இரண்டு குலங்கள் உண்டு. ஆனாலும் அந்த இழப்பின் கனம் கதையில் இல்லை. அதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன். மூணாற்றின் கதையையும் எஸ்டேட்டிலிருந்து மட்டும் தொடங்கக் கூடாது. உங்கள் பாட்டி பட்ட பாடு பெரிது. அதற்கு முன்பே அந்த மலையில் முதுவர் பழங்குடிகள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிற ஒரு கதை வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

நம்ம பாலக்காட்டை ஒரு போக்கிமான் நாடாக்கினா எப்படி இருக்கும்? முதல் ஊர் எது? நான் வரைஞ்சுகிட்டு இருக்கேங்க டீச்சர். (ஒன்பதாம் வகுப்பு மாணவன், வேலந்தாவளம்)

முதலில் சின்னோவைப் பார். நடுவில் கொரொனெட் மலை நாட்டை இரண்டாகப் பிளக்கிறது. ஷெல்லோஸ் என்ற, ஓடில்லாக் கடல் நத்தை போன்ற போக்கிமான் மலைக்கு மேற்கே இளஞ்சிவப்பு, கிழக்கே நீலம். மலை குறுக்கே நிற்பதால் ஒரே உயிர் இரண்டு உருவம் எடுத்திருக்கிறது.

நம் ஊரில் இது தலைகீழ். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய். சமவெளியில் இருக்கும் நமக்கு அது வழி. மலை உச்சியின் குளிரில் வாழும் உயிர்களுக்கு அதுவே தடை. சோலைக்காட்டில் திரியும் ஒரு சின்ன நீலப் பறவை கணவாய்க்கு வடக்கே செம்பழுப்பு விலாவோடும், தெற்கே வெள்ளை வயிறோடும் இருக்கிறது. இன்று அவற்றைத் தனித்தனி இனங்களாகவே வகைப்படுத்துகிறார்கள். யானைகளில்கூட இரண்டு பக்கத்துக்கும் மரபணு வேறுபாடு கண்டிருக்கிறார்கள். ஆகவே உன் நாட்டில் ஒரே போக்கிமானுக்கு இரண்டு உருவம் வை, நடுவில் மலைக்குப் பதில் பள்ளத்தை வை.

காற்றை மறந்துவிடாதே. ஆடி மாதம் மேல்காற்று இந்த வழியாகத்தான் கோவைக்குப் பாய்கிறது. பறக்கும் வகைகளுக்குக் கிழக்கே போவது சுலபமாகவும் மேற்கே திரும்புவது கஷ்டமாகவும் இருக்கட்டும். மூணாற்றில் கொட்டும் மழை மலைக்கு அந்தப் பக்கம் மறையூர், சின்னாறு போவதற்குள் வற்றி முள்காடாகிவிடுகிறது. அந்த ஒரே சாலையில் நீர் வகையிலிருந்து வறண்ட நில வகை வரை வரிசையாக வைக்கலாம். நம் கிழக்குச் சித்தூரில் கரிசல் மண்ணும் பனைமரமும் இருக்கின்றன. கேரளம் என்றாலே தென்னையும் காயலும் என்று வரைகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். நீ விடாதே.

முதல் ஊர் உன் ஊராகவே இருக்கட்டும். வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, கிழக்கே செக்போஸ்ட் தாண்டினால் கோவை வழி, மேற்கே போனால் பாலக்காடு. நாலு பக்கமும் நாலு விதமான நிலம் கிடைக்கிறது. வரைந்து முடித்ததும் மழை எங்கிருந்து வருகிறது என்று ஒரு அம்புக்குறி போட்டு எனக்கு அனுப்பு. அதை வைத்துத்தான் எந்தக் காடு எங்கே வர வேண்டும் என்று சரிபார்க்க முடியும்.