மலைக்குளிரில் அரிக்கும் ஒவ்வாமைத் தோலுக்குச் சோற்றுக்கற்றாழை தடவலாமா?

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வேலை மாற்றலாகி வந்த பிறகு முழங்கை மடிப்பிலும் கால்களிலும் அரிப்பு தொடங்கியதாகவும், மருத்துவர் அதை ஒவ்வாமைத் தோல் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்ததாகவும், அந்தக் களிம்போடு சோற்றுக்கற்றாழையோ வேறு பச்சிலையோ பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயன்படுத்தலாம். ஆனால் கற்றாழை அரிப்பைச் சிறிது நேரம் தணிக்குமே தவிர, தோலின் வறட்சியைப் போக்காது. மலைக்கு வந்த பின் தொடங்கும் அரிப்புக்குப் பெரும்பாலும் வறட்சியே வேராக இருப்பதால், கற்றாழையின் மேல் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசாமல் விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்ததாகும்.

நான் பெரியகுளத்தில் பிறந்து, திருமணத்திற்குப் பின் கொடைக்கானலின் மேல்மலை ஊர்களுக்கு வந்து வாழ்பவள். கரப்பான் என்று நாம் சொல்லும் இந்த ஒவ்வாமைத் தோல் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. கீழே இருந்தபோது வியர்வையால் அரித்த அதே தோல், இங்கே பனிக்காலத்தில் செதில் செதிலாக உதிர்ந்து அரிக்கிறது. ஆகவே ஊரில் கைகொடுத்த வைத்தியத்தை அப்படியே மலைக்கு எடுத்துவர முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியைப் பார்த்து, இங்கே காற்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்று புதிதாக வருபவர்கள் எண்ணிவிடுகிறார்கள். மூடுபனி நாள்கள் ஈரமானவைதாம். ஆனால் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் வானம் தெளிந்து, இரவில் உறைபனி விழுந்து, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாள்களில் காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்று வீட்டுக்குள் ஹீட்டராலோ கணப்பாலோ சூடாகும்போது இன்னும் வறண்டு, தோலிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வாமைத் தோல் உள்ளவர்களுக்கு மேல்தோலின் செல்களுக்கு இடையே இருக்க வேண்டிய செராமைடு போன்ற கொழுப்புகள் ஏற்கெனவே குறைவு. பலருக்கு ஃபிலாக்ரின் என்னும் புரதமும் பிறவியிலேயே குறைந்திருக்கும். இத்தகைய தோலின் மேல், குளிருக்கு இதமாக இருக்கிறதென்று ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றி, சோப்பையும் தேய்த்து நெடுநேரம் குளித்தால், மிச்சமிருக்கும் கொழுப்பும் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடத்திற்குள் குளித்து முடிப்பதை எந்தப் பச்சிலைக்கும் முன்னதாக வைக்கிறேன். கம்பளி ஆடையைத் தோலில் படும்படி அணியாமல், உள்ளே பருத்தி ஆடை அணிந்து அதன் மேல் அணிய வேண்டும். முரட்டுக் கம்பளியின் இழைகள் தோலைக் குத்தியே அரிப்பை எழுப்பும்.

இனி கற்றாழை. செடியின் அடிப்பகுதியில் இருக்கும் முற்றிய, தடித்த மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரமாவது செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மஞ்சள் நிறத்தில் கசப்பான பால் வடியும். பச்சைத் தோலுக்குச் சற்று உள்ளே ஓடும் இந்தப் பாலில் அலோயின் முதலிய பொருள்கள் இருக்கின்றன. வயிற்றுக்குள் போனால் கடும் பேதியை உண்டாக்கும், அரிக்கும் தோலில் பட்டால் எரிச்சலைக் கூட்டும். கற்றாழை தடவியதும் இன்னும் அதிகமாக அரித்தது என்று சொல்பவர்கள், மடலைப் பிளந்த கையோடு இந்தப் பாலையும் சேர்த்துத் தேய்த்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். பால் வடிந்த பின் ஓர முட்களையும் பச்சைத் தோலையும் தடிமனாகவே சீவி எறிந்துவிட்டு, உள்ளே கண்ணாடி போலிருக்கும் சோற்றை ஓடும் நீரில் வழவழப்பும் கசப்பு வாடையும் குறையும் வரை அலச வேண்டும். சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லி வந்தது வெறும் சடங்கு அன்று. அந்தப் பால் முழுவதும் நீங்குவதற்கான வழி அது.

கழுவிய சோற்றைக் கரண்டியால் மசித்து, கீறலோ வெடிப்போ நீர்க்கசிவோ இல்லாத இடங்களில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். சோற்றின் எடையில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான். அந்த நீர் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது, குளிர்ச்சி அரிப்புணர்வை மட்டுப்படுத்துகிறது. எஞ்சியிருக்கும் வழவழப்பான சர்க்கரைத் தொடர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. ஆனால் நீர் முழுவதும் போனதும் அந்தப் படலம் தோலை இழுத்துப் பிடிக்கும். எனவே அது முற்றிலும் காயும் முன்பே, பிசுபிசுப்பாக இருக்கும்போதே, தேங்காய் எண்ணெயை அதன் மேல் பூசிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே ஆண்டின் பெரும்பகுதி கட்டியாகத்தான் இருக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம், உள்ளங்கைகளுக்கு இடையே வைத்துத் தேய்த்தாலே உருகிவிடும். குளித்துத் துண்டால் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே இவ்விரண்டையும் முடித்துவிடுவது நல்லது. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் இதற்கு ஏற்றவை அல்ல. இவை தோலின் காப்பைப் பலவீனப்படுத்தக் கூடியவை.

உறைபனி கற்றாழைக்கு ஆகாது. மேல்மலையில் வெளியே நட்டால் மடல்கள் நீர் கோத்து அழுகிவிடும். தொட்டியில் வைத்து, வெயில் விழும் சன்னல் ஓரத்தில் வளர்க்கலாம். இல்லையென்றால் கீழே போகும்போது வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ முழு மடலாக வாங்கி வந்து, அன்றன்றைக்கு வேண்டிய அளவே வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய சோற்றைக் குளிர்பெட்டியில் ஓரிரு நாள் வைக்கலாம். நிறம் மாறியதை எறிந்துவிட வேண்டும். கடையில் பச்சை நிறத்தில் விற்கும் கற்றாழை ஜெல் பலவற்றில் நிறமியும் நறுமணமும் ஆல்கஹாலும் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் நறுமணப் பொருள்கள் தொடு ஒவ்வாமைக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று என்பதால், வாங்குவதானால் நறுமணமற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாளே உடம்பெல்லாம் பூசிவிடாதீர்கள். முன்கையின் உட்புறத்தில், அரிப்பு இல்லாத ஓர் இடத்தில், ஒரு நாணய அளவுக்குக் காலையும் மாலையும் சில நாள்கள் தொடர்ந்து பூசிப் பாருங்கள்; தொடு ஒவ்வாமை உடனே தெரியாமல் 48 அல்லது 72 மணி நேரம் கழித்தும் வெளிப்படக்கூடும். பூண்டும் வெங்காயமும் ஒத்துக்கொள்ளாத சிலருக்குக் கற்றாழையும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.

பூண்டு என்றதும் இந்த மலையில் அதிகமாகக் காணும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் ஊர்களின் வாழ்வாதாரம். அறுவடைக் காலத்தில் பூண்டை ஆய்ந்து உரிக்கும் பெண்களுக்குப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் வறண்டு வெடித்து அரிக்கும்; என் அத்தைக்கும் அப்படித்தான். பூண்டில் உள்ள டைஅல்லைல் டைசல்பைடு என்னும் பொருள் இதற்குக் காரணம், அது மெல்லிய ரப்பர் கையுறையையும் ஊடுருவிவிடும். இத்தகைய வெடிப்பில் கற்றாழையைப் பூசினால் எரியும். பூண்டைத் தொடாமல் சில வாரம் இருப்பதும், பெட்ரோலியம் ஜெல்லி பூசிப் பருத்தித் துணி சுற்றிப் படுப்பதுமே அதற்குப் பயன்படும். நீங்கள் அலுவலகப் பணியில் இருப்பவராயினும், வீட்டில் பூண்டு உரிப்பவர் நீங்களே என்றால் விரல் நுனிகளைக் கவனியுங்கள்.

வேறு பச்சிலைகளைப் பற்றியும் கேட்டீர்கள். முதலில் கூடாததைச் சொல்கிறேன்: கொடைக்கானல் கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலத்தையும் விண்டர்கிரீன் தைலத்தையும் அரிப்புக்குத் தடவ வேண்டாம். இவை சளிக்கும் தசைவலிக்கும் உரியவை. பூசியவுடன் குளிர்ச்சியாகத் தோன்றி அரிப்பை மறக்கச் செய்தாலும், ஒவ்வாமைத் தோலில் எரிச்சலை வளர்த்துவிடும். விண்டர்கிரீனில் நிறைந்திருக்கும் மெத்தில் சாலிசிலேட் குழந்தைகளின் வாயில் சிறிதளவு போனாலும் நஞ்சாகும். குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. சொறிந்து புண்ணான தோலில் உப்பு படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்த இலையே சிலருக்குத் தோலழற்சியை உண்டாக்குவதும் உண்டு. அருகம்புல்லில் காய்ச்சும் அருகன் தைலம் சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்கு வழங்குவது. அதை அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் தோலைக் காட்டி, அவர்கள் சொன்னால் பயன்படுத்துங்கள்.

கற்றாழையைக் காட்டிலும் நான் அதிகம் நம்புவது ஓட்ஸை. சமைக்கும் சாதாரண ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் பால் போலக் கலக்கி, அரிக்கும் இடங்களில் பத்து நிமிடம் ஊற்றியும் ஒற்றியும் வந்தால், சோப்பில்லாமலே தோல் சுத்தமாகி அரிப்பும் அடங்கும். ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடுகள் அழற்சியைத் தணிப்பவை. நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோல் காப்புப் பொருளாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-இல் ஏற்றுக்கொண்டது. பனிக்காலத்தில் நம் வீட்டில் எளிதில் செய்யக்கூடியதும் இதுவே. குளியலறைத் தரை வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எல்லா அரிப்பும் ஒவ்வாமை அல்ல. இரவில் அதிகமாகி, விரல் இடுக்குகளில் தொடங்கி, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்திருந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். வட்டமாக விளிம்பு தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். இவ்விரண்டையும் கற்றாழை தீர்க்காது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்போ படர்தாமரையை மறைத்து வளர்த்துவிடும். தோலில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும் காணாக்கடியோடு உதடோ கண்ணிமையோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு முட்டினால், எதையும் பூசிக்கொண்டு காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும்.

உங்கள் மருத்துவர் கொடுத்த களிம்பைக் கற்றாழை தணிக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். அது ஸ்டீராய்டு களிம்பாக இருந்தால் கற்றாழையை அதே இடத்தில் அதே வேளையில் பூசவும் வேண்டாம், ஏனெனில் கற்றாழைச் சோறு ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மருந்து தோலுக்குள் இறங்கும் அளவைக் கூட்டிவிடக்கூடும். களிம்பை இரவுக்கு வைத்துக்கொண்டு, பூசி அரை மணி கழித்துத் தேங்காய் எண்ணெயை மட்டும் பூசுங்கள். கற்றாழையைக் காலைக் குளியலுக்குப் பின் பூசிக்கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள், மடிப்புகளில் எத்தனை நாள் அந்தக் களிம்பைப் பூசலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.