கோர்ட்டுக் கட்டும் பத்திர நகலும்: எதில் வைத்தால் நிற்கும்? (கேள்வி பதில்)

மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து வக்கீல் குமாஸ்தாக்களும், ஸ்கேன் வேலை பார்ப்பவர்களும், வீட்டில் பழைய பத்திரம் வைத்திருப்பவர்களும் கேட்டவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேலூர், வக்கீல் குமாஸ்தா: அண்ணே, எங்கள் ஆபீசில் பழைய கேஸ் கட்டுகளை ஸ்கேன் செய்து டி.வி.டி.யில் போட்டு பீரோவில் வைத்திருந்தோம். பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போது பாதி டிஸ்க் திறக்கவே மாட்டேன் என்கிறது. போனது போனதுதானா?

எல்லாம் போயிருக்காது தம்பி. நாம் எழுதும் டி.வி.டி.க்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுத்தான் தகவலைப் பதிக்கிறது. சூட்டிலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் கெடும். நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே பீரோ என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடுவது உண்டு, இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் சுலபமாக வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பப் போகும். இப்போது ஒழுங்காகத் திறக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

அவரே: எம்-டிஸ்க் ஆயிரம் வருஷம் நிற்குமாமே?

அது தயாரித்தவர்கள் சொல்லும் கணக்கு. சாயம் இல்லாத டிஸ்க், அதனால் சாதாரண டி.வி.டி.யைவிட உறுதி. அதில் சந்தேகமில்லை. ஆனால் டிஸ்க் நின்றால் போதுமா, டிரைவ் வேண்டாமா? இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. இங்கிலாந்தில் 1086-இல் எழுதிய டூம்ஸ்டே நிலக்கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது, படிக்கலாம். அதன் 900-ஆவது ஆண்டையொட்டி 1986-இல் பி.பி.சி. லேசர் டிஸ்க்கில் ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பதினைந்து வருஷத்துக்குள் அதைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாகி, தனியாக ஆள் வைத்து மீட்க வேண்டி வந்தது.

திருமங்கலம்: ஒரு ரெக்கார்டு ரூம் முழுக்க ஸ்கேன் செய்தால் எதில் வைப்பது?

எல்.டி.ஓ. டேப்பில், அதாவது கணினித் தகவலைப் பதிக்கும் காந்த நாடாவில். ஏ4 தாள் ஒன்றைக் கலரில் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்.பி. வரும். லட்சம் பக்கத்துக்கு 2.6 டி.பி. ஒன்பதாம் தலைமுறையான எல்.டி.ஓ.-9 டேப் ஒன்று 18 டி.பி. கொள்ளும், அதாவது கிட்டத்தட்ட ஏழு லட்சம் பக்கம். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத வகை டேப்பும் கிடைக்கிறது, கோர்ட் ஆவணத்துக்கு அதுதான் பொருத்தம். டேப் 30 வருஷம் வரை தாங்கும் என்கிறார்கள். ஆனால் எல்.டி.ஓ.-9 டிரைவ் 9-ஐயும் 8-ஐயும் மட்டுமே படிக்கும். 7 வைத்திருந்தால் அதற்கு வேறு டிரைவ் தேட வேண்டும். ஆகவே ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுத் தலைமுறைக்கு மாற்றும் செலவையும் இன்றே பட்ஜெட்டில் எழுதுங்கள். டெண்டர்களில் ஸ்கேனுக்குப் பணம் இருக்கும், இதற்கு இருக்காது.

பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் எடுத்துப் போக மட்டும். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் மின்னூட்டம் கசிந்துவிடும்.

அனுப்பானடி, ஸ்கேன் வேலை பார்க்கும் இளைஞர்: சார், நாங்கள் எதில் அதிகம் கோட்டை விடுகிறோம்?

பின்பக்கத்தில். முத்திரைத்தாளின் பின்னால்தான் பெரும்பாலும் ஸ்டாம்ப் வெண்டர் முத்திரையும் சார்பதிவாளர் மேலெழுத்தும் இருக்கும். வேகத்தில் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் பத்திரத்தில் பாதி உயிர் போச்சு. அடுத்தது, கருப்பு வெள்ளையில் எடுப்பது. ஊதா மசி முத்திரை, சிவப்பு மையில் போட்ட திருத்தம், வெளிறிய கைநாட்டு எல்லாம் அதில் கரைந்துவிடும். ஓரக் குறிப்பு தையலுக்குள் போயிருந்தால் கட்டை அவிழ்த்து எடுங்கள், அவிழ்க்க முடியாவிட்டால் மேலிருந்து கேமரா வைக்கும் ஸ்கேனர் கேளுங்கள். தாள் செருகும் மெஷினில் செல்லரித்த தாளை விடவே கூடாது.

பெயர் வைப்பதும் முக்கியம். ஓ.எஸ். (அசல் வழக்கு) 112/1987 மேலூரிலும் இருக்கும், திருமங்கலத்திலும் இருக்கும். இன்றைய வழக்குகளுக்கு, வழக்குக்கு ஒன்றாக 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. என்றைக்கோ முடிந்துபோன பழைய கட்டுகளுக்கு அது கிடையாது என்பதால் கோர்ட்டின் பெயர், வழக்கு வகை, எண், ஆண்டு நான்கும் ஃபைல் பெயரில் வர வேண்டும். நகல் மனு போடுகிறவர் தேடுவது இந்த நான்கை வைத்துத்தான்.

சட்டக் கல்லூரி மாணவி: ஸ்கேன் கோப்பு சாட்சியமாக நிற்குமா சார்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதுச் சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதும்மா. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் இப்போது 63-ஆம் பிரிவு. அதற்கான சான்றிதழில் ஒரு பகுதியைத் தரப்பினரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) குறிப்பிட வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு முழுக்க மாறிவிடும். எனவே ஸ்கேன் செய்த அன்றே எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் ஹாஷ் பட்டியல் எடுத்து, கோப்புகள் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே உதவும்.

உசிலம்பட்டி, இல்லத்தரசி: மாமனார் காலத்து மூலப்பத்திரத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறேன். அசலை லேமினேஷன் போட்டுவிடலாமா?

வேண்டாம்மா! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, மேலெழுத்தைச் சோதிப்பதும் சிரமம். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு, மடிக்காமல், நல்ல காகித உறைக்குள் வையுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். இருபுறமும் கலரில் ஸ்கேன் எடுத்து, பிள்ளைகள் இருவரிடம் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடை: மைக்ரோஃபிலிம் காலமெல்லாம் போயிடுச்சுதானே?

போகவில்லை. பக்கங்களைச் சிறிதாக்கிப் படம் பிடித்த ஃபிலிம்தான் அது. பாலியெஸ்டர் அடிப்படையில் செய்த வெள்ளி ஃபிலிம், குளிரும் ஈரமும் கட்டுக்குள் இருந்தால் 500 வருஷம் வரை நிற்கும் என்பது தரநிலைக் கணிப்பு. ஒரு விளக்கும் லென்ஸும் இருந்தால் படிக்கலாம். அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆய்வு அமைப்பு 1938 முதல் கவுண்டி அலுவலகப் பதிவுகளையும் தேவாலயப் பதிவுகளையும் ஃபிலிமில் எடுத்து, சுமார் 24 லட்சம் சுருள்களை 2021-இல் டிஜிட்டலாக்கி முடித்தது. அதன் மூலச் சுருள்களுக்கென்று மலையைக் குடைந்த காப்பறையே இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் ஏ.சி. இல்லாமல் வைக்க முடியாது என்பதுதான் தடை.

வாடிப்பட்டி: ஸ்கேன் முடிந்தால் காகிதத்தைக் கிழித்துவிடலாமா? இரண்டாவது பிரதி எங்கே?

கிழிப்பது உங்கள் விருப்பமல்ல. ஆவண அழிப்புச் சட்டம் 1917-இலிருந்தே இருக்கிறது. எதை எத்தனை காலம் வைக்க வேண்டும் என்பதை அதன்கீழ் வரும் விதிகள் சொல்லும். இரண்டாவது பிரதி அதே கட்டடத்தில் வேண்டாம். மதுரையில் ஒன்று என்றால் திண்டுக்கல்லில் ஒன்று.