பிஎஃப்சென்ஸில் யூஎஸ்பி டாங்கிள் ஏன் வரவில்லை?

தண்டையார்பேட்டையில் உங்கள் கடைக்கு வரும் கேபிள் லைன் மழை வந்தாலே போய்விடுகிறது, அதற்கு மாற்றாகச் செருகிய 4ஜி டாங்கிள் (சிம் போடும் யூஎஸ்பி மோடம்) பிஎஃப்சென்ஸில், அதாவது உங்கள் ரவுட்டர்-ஃபயர்வால் மென்பொருளில், தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டாங்கிள் எந்த வகை என்று பாருங்கள். பழைய வகை சீரியல் போர்ட்டாக வரும்; அதற்கு இன்டர்ஃபேஸ் அசைன்மென்ட்டில் பிபிபி (டயல் செய்து இணையும் முறை) உருவாக்கி, ஏபிஎன், அதாவது மொபைல் நிறுவனத்தின் இணைப்புப் பெயர், கொடுக்க வேண்டும். ஜியோ என்றால் ஜியோநெட். புதிய ஹைலிங்க் வகை தானே ஒரு சிறு ரவுட்டராக இயங்கும்; நெட்வொர்க் கார்டு மாதிரி யூஇ0 என்று வரும். அதை வேனாக (WAN, வெளி இணையப் பக்கம்) சேர்த்து, ஐபி எண்ணைத் தானாக வாங்கும் டிஎச்சிபி வைத்தால் போதும். டிரைவர் மென்பொருள் உள்ள சிடி டிரைவாக மட்டும் தெரிந்தால், டாங்கிள் இன்னும் மோடம் நிலைக்கு மாறவில்லை என்று அர்த்தம்.

வாங்குவதாக இருந்தால் ஹைலிங்க்தான் என் சிபாரிசு. ஆனால் ஐபி மோதலைக் கவனியுங்கள். பிஎஃப்சென்ஸின் லேன் (LAN, கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரி இயல்பாக 192.168.1.1, சில டாங்கிள்களும் அதே எண்ணோடு வருகின்றன. அப்படியானால் லேன் எண்ணை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பலர் தவறவிடும் இடம் இது: ஹைலிங்கில் கேட்வே, அதாவது இணையத்துக்கு வெளியேறும் வாசல், டாங்கிளேதான். சிக்னல் செத்தாலும் அது பிங்குக்குப் பதில் சொல்லும், பிஎஃப்சென்ஸும் இணைப்பு நன்றாக இருப்பதாக நம்பும். அதனால் டாங்கிளுக்கு மானிட்டர் ஐபியாக (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்து பார்க்கும் எண்) 8.8.8.8 கொடுங்கள், கேபிள் லைனுக்கு 1.1.1.1, இரண்டுக்கும் ஒரே எண் கூடாது. பிறகு கேட்வே குரூப்பில் கேபிளை டியர் 1 (முதல் தேர்வு), டாங்கிளை டியர் 2 (மாற்று) ஆக்கி, அந்தக் குரூப்பையே டீஃபால்ட் கேட்வேயாக வையுங்கள்.

அடிக்கடி அறுந்தால், தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்பில் செருகிப் பாருங்கள். கடை கேமராவை வெளியிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடுவது) மட்டும் மொபைல் இணைப்பில் பெரும்பாலும் நடக்காது. அதற்கு கடையிலிருந்து வெளியே போய் இணையும் விபிஎன் ஒரு வழி.