தந்தியைக் கண்டுபிடித்தது மோர்ஸா, வீட்ஸ்டனா?

மகளின் பேச்சுப் போட்டிக்கு ஒரு புத்தகம் மோர்ஸ் என்கிறது, இன்னொன்று குக், வீட்ஸ்டன் என்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பொய்யில்லை. 1837-இல் இங்கிலாந்தில் அந்த இருவரும் ஊசி திரும்பி எழுத்தைக் காட்டும் தந்திக்குக் காப்புரிமை வாங்கினார்கள், அதே ஆண்டு அமெரிக்காவில் மோர்ஸும் தன் கருவியைக் காட்டினார்.

ஆனால் பேச்சுக்குச் சுவையான ஆள் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றிதான். மோர்ஸ் தொழிலால் ஓவியர், மின்சாரத்தில் அவ்வளவு விவரம் கிடையாது, ஆரம்பத்தில் அவர் அனுப்பிய சைகை சில பத்து அடிகூடத் தாண்டவில்லை. லியோனார்ட் கேல் என்ற வேதியியல் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, ஒரே மின்கலம் போதாது, பலவற்றைத் தொடராக இணையுங்கள், காந்தத்தில் கம்பியை நூறு சுற்றாவது சுற்றுங்கள் என்றார். தூரம் பத்து மைல் ஆனது. அந்த யோசனையின் மூலம் ஹென்றி 1831-இல் வெளியிட்ட கட்டுரை. இவ்வளவுக்கும் பிறகு 1855-இல் மோர்ஸ், ஹென்றிக்கு நான் எதுவும் கடன்படவில்லை என்கிற தொனியில் நீளமாக எழுதினார் பாருங்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்கு முந்தின ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம் மோர்ஸின் காப்புரிமையை ஏற்றது, ஆனால் மின்காந்தத்தால் தொலைவில் எழுத்து பதிக்கும் எல்லா வழியும் எனக்கே என்ற கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

நேரம் மிஞ்சினால் குக்–வீட்ஸ்டன் சண்டையையும் சேருங்கள், பெருமை யாருக்கு என்று 1841-இல் நடுவர் வைக்கிற அளவுக்குப் போனது.