முதன்முறையாகப் பாம்பு வளர்க்க ஆசை, சேலத்தில் இருக்கிறேன், நாலடிக்கு மிகாத எதை வாங்கலாம்?

உங்களுக்கு வாடகை வீடு, வீட்டில் பெரியவர்களும் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சேலத்தில் பாதிப் பேர் நிலை அதுதான்.

முதலில் நம்மூர்ப் பாம்பு எதையும் தொடாதீர்கள். எங்கள் மாமா ஒருவர் தோட்டத்தில் கிடைத்த மண்ணுளியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து, "இதையே வச்சுக்கோயேன் மாப்ள" என்றார். மண்ணுளி, சாரை, மலைப்பாம்பு எதுவானாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பது குற்றம். அன்று சாயங்காலமே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்தோம்.

வெளிநாட்டுப் பாம்புகளில் உங்கள் அளவுக்கு ஏறக்குறையப் பொருந்துபவை பால் பைத்தானும் (Ball python, பந்துபோல் சுருளும் சின்ன மலைப்பாம்பு) கார்ன் ஸ்நேக்கும் (Corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு); இரண்டுமே சில சமயம் நாலடியைத் தாண்டும். என்னிடம் இருப்பது பால் பைத்தான், பெண், நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காப் பக்கத்துப் பாம்பு, விஷம் கிடையாது. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் புதைத்துக்கொள்ளும். 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன். கடைக்காரர் "பேப்பரெல்லாம் வேண்டாம் சார்" என்றால் அங்கே வாங்காதீர்கள்.

பாம்பைப் பெட்டியில் வைப்பதே கொடுமை என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் பாம்பு காட்டில் பிடித்ததல்ல, பெட்டியில் பிறந்தது. கேட்டவர் எப்படியும் வாங்கத்தான் போகிறார், தெரிந்து வாங்கட்டும்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தவரை எனக்கு வெயில்தான் கவலை. ஏப்ரலில் மாடி அறை 37 டிகிரிக்குப் போய்விடும், பெட்டியைக் கீழ் அறைக்கு மாற்றிவிடுவேன். பிறகு எஸ்டேட் ஒன்றில் கணக்கு வேலை கிடைத்து ஏற்காட்டுக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு உலகம். டிசம்பர் இரவில் 13 டிகிரி. பெட்டிக்குச் சூடு தரும் ஹீட் மேட், சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் எல்லாம் இருந்தது. ஒருநாள் ராத்திரி லைன்மேல் மரம் விழுந்து கரண்ட் போனது எனக்குத் தெரியவில்லை, தூங்கிவிட்டேன்.

காலையில் தொட்டால் ஈரக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தேன். நான்கு நாள் கழித்துத் தலையை மேலே தூக்கியபடியே இருந்தது. காதருகே வைத்துக் கேட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் 'கிச்'சென்று சத்தம், மூக்கு ஓரத்தில் சின்ன எச்சில் குமிழ். சளி பிடித்துவிட்டது. ஊர்வன பார்க்கும் மருத்துவரைத் தேடிக் கோவை வரை போனோம். மூன்று நாளுக்கு ஒரு ஊசி, மொத்தம் ஏழு. ஐந்து மாதம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கவனக்குறைவால் வந்தது, இன்றும் மனசு ஆறவில்லை. பால் பைத்தான் சாதாரணமாகவே மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் பாம்புதான், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எடை போடும்போது கை நடுங்கும். அப்புறம் இன்வெர்ட்டர் வாங்கினேன்.

      

சரி, உங்களுக்கு வருகிறேன். சேலத்திலேயே இருப்பீர்கள் என்றால் பால் பைத்தான் வாங்குங்கள். ஏற்காட்டுக்கு மாற வாய்ப்பிருந்தால் கார்ன் ஸ்நேக், அது கொஞ்சம் குளிரைத் தாங்கும், சாப்பாட்டிலும் அடம் பிடிக்காது. பால் பைத்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருஷம் இருக்கும். கல்யாணம், வேலை மாற்றம் எல்லாவற்றிலும் கூடவே வரும், வீட்டாரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பாம்புக்குத் தீனியாகக் கொடுக்கும் உறைந்த எலிகளை வைக்கத் தனியாகச் சின்ன ஃப்ரீசர் வாங்குங்கள், என் அம்மா சமையலறை ஃப்ரிட்ஜில் கடைசிவரை விடவில்லை, அவர் சொன்னது நியாயம்தான்.

முதலில் பெட்டியை மட்டும் வாங்கி, பாம்பு இல்லாமல், ஹீட் மேட்டைப் போட்டு இரண்டு வாரம் ஓட விடுங்கள். சூடான பக்கம் 32 டிகிரியைத் தாண்டக் கூடாது, மறுபக்கம் 26 பக்கம் இருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் எழுந்து பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வாரமும் அளவு நின்றால் பாம்பைக் கொண்டுவாருங்கள்.