கண்ணில் நீர் கொட்டுகிறது, வறட்சி என்கிறார்களே!

எனக்கு 66 வயது. காலையில் செய்தித்தாளை விரித்த பத்தாவது நிமிடம் கண்ணில் நீர் வழியத் தொடங்குகிறது. ஸ்கூட்டரில் போனால் கைக்குட்டை இல்லாமல் முடியாது. கண் மருத்துவர் ‘வறட்சி’ என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நீர் கொட்டுகிற கண்ணில் எப்படி டாக்டர் வறட்சி? வேறு மருத்துவரைப் பார்க்கட்டுமா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி*

மருத்துவரை மாற்ற அவசரப்படாதீர்கள். அவர் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விளக்க நேரம் இருந்திருக்காது. வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கும்போது நானும் பல நாள் அப்படித்தான் சீட்டை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. கருவிழியை ஒட்டிக் கொஞ்சம் சளி, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே ரசத்தில் மிதக்கும் நெய்யைப் போல மெல்லிய எண்ணெய். அந்த எண்ணெய்தான் நீரை ஆவியாகாமல் காக்கிறது. அது ஊறும் இடம் உங்கள் இமை விளிம்பு. மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 என்று வரிசையாகச் சுரப்பிகள் இருக்கின்றன. 1666-இல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். வயது ஏற ஏற எண்ணெய் கெட்டியாகி, இவற்றின் வாய் அடைத்துக்கொள்ளும். மேலே எண்ணெய் இல்லாத நீர், அடுத்த முறை இமைப்பதற்குள் அங்கங்கே உலர்ந்து திட்டுத் திட்டாகக் கிழிகிறது. அங்கே கருவிழி உறுத்த, ‘தூசி விழுந்துவிட்டது’ என்று மூளை எண்ணிக்கொண்டு பெரிய கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. கொட்டுகிறது, ஆனால் கண்ணில் தங்குவதில்லை. கரை உடைந்த கண்மாயில் எத்தனை மழை பெய்து என்ன பயன்? உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களா? இமை ஓரத்துத் துளை வழியாக உப்புநீர் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் குழாய் திறந்திருக்கிறது.

சொட்டு மருந்தோடு ஒத்தடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் துணி ஆறிவிடும். மறுபடி நனைக்க வேண்டும். சோம்பல்பட்டு ஆறிய துணியையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பலன் இல்லை. பத்து நிமிடம் ஆனதும் விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவிவிடுங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கே கண் உறுத்தி, பக்கத்து அறை மருத்துவர் என் இமையை அழுத்திப் பார்த்தார். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய இடத்தில், அது பற்பசை போல வெள்ளையாகக் கெட்டிப்பட்டுப் புழு மாதிரி நெளிந்து வந்தது. அன்று தொடங்கிய ஒத்தடம், இன்றும் காலைக் காபிக்கு முன்னால் நடக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டும்போது ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 34. நான்கு மணி ஆனால் கண் சிவந்து எரிகிறது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். விட்டதும் சிவப்பு போய்விடுகிறது, பிறகு திரும்ப வருகிறது. மூன்று மாதமாக விடுகிறேன். தொடரலாமா?
*வாசகி, திருப்பூர்*

பாட்டிலில் உள்ள மருந்தின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். கண்ணை நனைக்கும் சொட்டு ஒரு வகை. இரத்தக் குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும் சொட்டு இன்னொரு வகை. வேகம் தணிந்ததும் முன்னைவிடச் சிவப்பாக்கிவிடும். மூன்றாவது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் கண்ணைப் பளிச்சென்று ஆக்கிவிடும். மாதக்கணக்கில் விட்டால் வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பை அரிக்கும், கண்புரையையும் கொண்டுவரும். போன பார்வை நரம்பைத் திரும்பக் கொண்டுவர எங்களிடம் மருந்து இல்லை. ஆகவே இந்த வாரமே அந்தப் பாட்டிலோடு ஒரு கண் மருத்துவரிடம் போய் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமை கொட்டுகிறோம். துணியில் ஓட்டை தேடும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும், கொட்டுவதும் அரைகுறையாகத்தான். எனக்கும் இதே கதைதான். கண்புரை அறுவை செய்து மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தால், ‘டாக்டர், உங்கள் கண்ணுக்கு முதலில் மருந்து போடுங்கள்’ என்று செவிலியர் கிண்டல் செய்வார். ஒவ்வொரு கட்டு துணி முடிந்ததும் இரு இமையும் ஒட்டும்படி மூடி, இரண்டு நொடி வைத்துத் திறந்து பழகுங்கள். முகத்துக்கு நேரே இருக்கும் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இரவில் ஃபேனுக்கு நேர் கீழே படுப்பதையும் தவிருங்கள். தூக்கத்தில் இமை முழுதாக மூடாதவர்கள் நிறையப் பேர். அது அவர்களுக்கே தெரியாது.

நனைக்கும் சொட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் அதற்குமேல் இடமில்லை, மீதி கன்னத்துக்குத்தான். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாததாகக் கேளுங்கள். அந்த ரசாயனமே கருவிழியைப் புண்ணாக்கும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதி வைத்து, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள்.

கண் குளிர்ச்சிக்கு விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு விடலாமா? என் பாட்டி விட்டு ஒன்றும் ஆகவில்லை.
*வாசகர், திண்டுக்கல்*

வேண்டாம். ஒன்றும் ஆகாதவர்கள் உங்களிடம் சொல்கிறார்கள். ஏதாவது ஆனவர்கள் கருவிழியில் வெள்ளைப் புண்ணோடு என்னிடம் வருகிறார்கள். நந்தியாவட்டை வாசலில் பூக்கட்டும், பார்க்கக் குளிர்ச்சிதான்.

வயது 52. கண் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. வாயும் உலர்ந்து, தண்ணீர் குடிக்காமல் சப்பாத்தி இறங்குவதில்லை. விரல் மூட்டுகளில் வலி. கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டுக்கொள்கிறேன்.
*வாசகி, தஞ்சாவூர்*

மாதவிடாய் நிற்கும் வயதில் கண் உலர்வது சாதாரணம். எனக்கும் அப்போதுதான் தொடங்கியது. ஆனால் கண், வாய், மூட்டு மூன்றும் சேர்ந்தால் அதை வயதின் தலையில் கட்ட மாட்டேன். 1933-இல் சுவீடனின் கண் மருத்துவர் ஷோகிரன் விவரித்த நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. பற்கள்கூட வேகமாகச் சொத்தையாகும்.

முதலில் கண்ணில் ஒரு காகிதப் பட்டை வைத்துப் பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டர் அகலப் பட்டையின் நுனியை மடித்துக் கீழ் இமையின் வெளி ஓரத்தில் மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். கூசும், வலிக்காது. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பரவாயில்லை, 5-க்கும் கீழே என்றால் நல்ல வறட்சி. பிறகு இரத்தப் பரிசோதனையும் மூட்டு வாத நிபுணரும். நோய் உறுதியானால் சைக்ளோஸ்போரின் சொட்டு கொடுப்பார்கள். அது எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும். இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

போகும்போது நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் பையில் எடுத்துப் போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்டிரிசின்கூடக் கண்ணையும் வாயையும் உலர்த்தும்.