எந்த ஊர்ப் பர்கர் முதலிடம்?

கேள்வி: பர்கர் என்றால் கல்முனைதான் என்று என் கூட்டாளிமார் அடித்துச் சொல்கிறார்கள். காத்தான்குடிக்குப் போனால் 'எங்கட ஊரை மிஞ்ச ஆளில்லை' என்கிறார்கள். மட்டக்களப்பு டவுன் கடைகளை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. பர்கரில் எந்த ஊர் முதலிடம்? மொத்தச் சாப்பாட்டில் மட்டக்களப்பா, அம்பாறையா? இன்னுமொன்று: முஸ்லிம் கடைகளைப் பற்றி, 'அவங்கட கடைகளில் என்ன கலக்கிறாங்களோ, ஆருக்குத் தெரியும்' என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பிச் சாப்பிடலாமா?
— வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: கடைசி வரியில்தான் என் கண் நின்றது, தம்பி. அதற்குப் பதில் சொல்லாமல் பர்கரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர்கள் கறிக்குள் வெள்ளையாக ஏதோ கட்டி கிடக்கிறது என்று சத்தம் போட்டார்கள். 'கருத்தடை மாத்திரை போட்டாய்தானே' என்று கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத அந்த மனிதர், கூட்டத்தைக் கண்ட பயத்தில் ஆமென்று தலையாட்டிவிட்டார். அதைப் படம்பிடித்து நாடு முழுக்கப் பரப்பினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். அது வெறும் மாவுக் கட்டி. சோற்றிலோ கறியிலோ கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் எதுவுமே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது.

'என்ன கலக்கிறாங்களோ' என்ற அதே சொல்தான் இன்று களுவாஞ்சிக்குடியில் ஒரு தமிழ் வீட்டுக்குள் இருந்து வருகிறது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் மட்டக்களப்பு. அந்தக் காயத்தை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அதன்பிறகு கடைப் பலகையில் பெயரைப் பார்த்துத்தான் தேத்தண்ணி குடிப்பது என்ற பழக்கம் தமிழ்ப் பக்கத்திலும் முஸ்லிம் பக்கத்திலும் வளர்ந்துபோனது. குண்டு வைத்தவனுக்கும் அடுப்படியில் வியர்த்துக்கொண்டு ரொட்டி தட்டுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் அப்படிச் சொல்பவர்களிடம் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு கடையின் சுத்தத்தில் உங்களுக்குச் சந்தேகமென்றால் பொரிக்கிற எண்ணெய் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய கோழி வெயிலில் கிடக்கிறதா, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். குறை கண்டால் உங்கள் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, மாதிரி எடுத்துச் சோதிக்க வழி இருக்கிறது. தமிழர் கடையோ முஸ்லிம் கடையோ, கறுத்த எண்ணெய் கறுத்த எண்ணெய்தான்.

இனிப் பர்கருக்கு வருகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று இடங்களிலும் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றுக்கும் முதலிடம் கிடையாது. கைப்பக்குவத்தில் குறையில்லை. கோழியை மொறுமொறுவென்று பொரிக்கத் தெரிந்த கைகள் மூன்று ஊரிலும் உண்டு. ஆனால் அந்த பணிஸ் எங்கிருந்தோ வருகிறது. கோழித் துண்டு பெட்டியில் உறைந்து வருகிறது. மயோனைசும் சோஸும் போத்தலில் வருகின்றன, சீஸ் கடதாசிக்குள் சதுரமாக வருகிறது. கல்முனைப் பர்கரையும் காத்தான்குடிப் பர்கரையும் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் எது எந்த ஊரென்று எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் கூட்டாளிமாருக்கும் தெரியாதென்றுதான் நினைக்கிறேன்.

பர்கர் பிறந்து வளர்ந்த அமெரிக்காவிலும் இந்த ஊர்ச் சண்டை உண்டு. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் ஒரு சின்னக் கடை, 1900ஆம் ஆண்டிலேயே நாங்கள் விற்றோம் என்கிறது. அங்கே இன்றைக்கும் வாட்டிய பாண் துண்டுகளுக்குள்தான் இறைச்சி, சோஸ் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். விஸ்கான்சினில் சீமோர் என்ற சிற்றூர், 1885இல் எங்கள் சந்தையில்தான் முதல் பர்கர் என்கிறது. கலிபோர்னியாக்காரருக்கு 1948இல் தொடங்கிய இன்-என்-அவுட் உயிர். டெக்சஸ்காரருக்கு 1950இல் தொடங்கிய வாட்டாபர்கர் உயிர். மினியாபொலிசில் ஒரே தெருவில் இரண்டு கடைகள், இறைச்சிக்கு நடுவில் சீஸை ஒளித்து வைப்பதை முதலில் கண்டுபிடித்தது நாங்களே என்று காலம் காலமாக இழுபடுகின்றன.

எனக்கு அதில் பிடித்தது ஒக்லஹோமாவின் எல் ரீனோ என்ற ஊர். நூறு வருடத்துக்கு முன் கையில் காசில்லாத காலம். இறைச்சி விலை, வெங்காயம் மலிவு. கொஞ்ச இறைச்சியோடு மெல்லிதாய் அரிந்த வெங்காயத்தை அள்ளிப் போட்டுச் சட்டியில் அழுத்திச் சுட்டார்கள். வெங்காயம் கருகி, இனித்து, இறைச்சிக்குள் ஊறியது. இன்றைக்கு அதுதான் அந்த ஊரின் பெருமை. நியூ மெக்சிகோக்காரர் தங்கள் வயலில் விளையும் பச்சை மிளகாயைச் சுட்டு உரித்து வைக்கிறார்கள். அந்தச் சண்டைகளில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தந்த ஊரின் தரித்திரமும் விளைச்சலும் அந்தப் பணிசுக்குள் இருக்கின்றன. நம்முடைய பர்கரில் நம்முடைய எது இருக்கிறது?

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பா அம்பாறையா என்று பிரிப்பதே எனக்கு நெருடுகிறது. 1961வரை அம்பாறை என்று ஒரு மாவட்டமே கிடையாது. கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டம்தான். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு இன்று அம்பாறையில் இருக்கிறது. அவர் உறங்குவது கல்லடியில். அவரை இரண்டாகப் பங்குபோட முடியுமா? கல்லடிப் பாலத்தைத் தாண்டி பஸ் ஏறினால் காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், உங்கள் களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை என்று ஒரே வீதி. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. அந்த வீதியில் மதியச் சோற்று நேரத்தில் யன்னலோரம் இருந்து வந்தால் வாசனை எந்த இடத்தில் மாறுகிறதென்று பிடிக்க ஒண்ணாது.

தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் தயிர் எங்கும் உண்டு. மட்டக்களப்பு எருமைத் தயிரின் கட்டி வேறு. சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாமல் நிற்கும். எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழளவில் இருக்கிறது, பசுப்பாலில் நாலளவில்தான். மண்சட்டி தன் பங்குக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், தயிர் இறுகும். அந்தப் பால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பட்டி வைத்திருக்கும் தமிழரிடமிருந்து வருகிறது. விடியமுன் கறந்து, காய்ச்சி, உறை ஊற்றிய சட்டிகள் என் சின்ன வயதில் மண்முனைத் துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வந்தன. 2014இல் பாலம் வந்தது. பாதையில் அடுக்கிவைத்த சட்டிகளுக்கு நடுவில், காலை ஒடுக்கிக்கொண்டு அம்மாவின் மடியில் நான் இருந்தது இன்னும் நினைவிருக்கிறது. இறங்கினால் சட்டிகளை வாங்கி விற்பவர் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரி. மேலே ஊற்றும் கித்துள் பாணி மலைப்பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இறக்கியது. ஒரு கோப்பைத் தயிரை யாருடையது என்று எழுதிக் கொடுப்பது?

தயிரில் நம்மை முதலிடத்தில் வைக்கிறேன், தயக்கமில்லை. அந்த இடம் நிலைக்க வேண்டுமென்றால் பட்டிக்கு மேய்ச்சல் தரை வேண்டும். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் தரையை வேறு ஆட்கள் அத்துமீறிப் பயிர்செய்கிறார்கள் என்று 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் குந்தினார்கள். ஊர்ப் பெருமைக்காகச் சண்டை பிடிக்க ஆசையிருந்தால், தம்பி, பிடிக்க வேண்டிய இடம் அதுதான். பர்கருக்காகத் தொண்டை வற்றக் கத்தியவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்?

அரிசியென்றால் அம்பாறை. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதில் கட்டிய சேனநாயக்க சமுத்திரம்தான் நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம். அந்தத் தண்ணீரில் விளையும் வயல்வட்டைகள், சம்மாந்துறை ஆலைகளில் குற்றும் அரிசி, அதோடு போட்டிபோட மட்டக்களப்பால் ஏலாது. உன்னிச்சைக் குளத்து வேளாண்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அளவில் சொல்கிறேன்.

நண்டும் இறாலும் மட்டக்களப்பு வாவிக்கு. கல்லாற்றிலிருந்து ஏறாவூர்ப் பக்கம்வரை நீண்டு கிடக்கும் ஐம்பத்தாறு கிலோமீற்றர் வாவி, உப்பும் நன்னீரும் கலந்து தந்த சதை அது. தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்டு வைத்த நண்டுக் கறிக்கு முன்னால் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழையும் நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். அந்த ஊர் நண்பர்கள் கோபிக்கட்டும். கூனி என்ற குட்டி இறாலும் மாங்காயும் போட்ட சுண்டலை அவர்கள் ஒருதரம் சாப்பிட்டால் பிறகு பேசலாம்.

சவன் சோறு காத்தான்குடிக்கும் சாய்ந்தமருதுக்கும். ஒரே தாலத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் குந்தி, நடுவிலுள்ள இறைச்சியை மற்றவன் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடும் பண்பை நான் முதலில் பார்த்தது முஸ்லிம் கூட்டாளி ஒருவனின் காக்காவின், அதாவது அண்ணனின், கலியாணத்தில். 'நீங்க தின்னுங்க மகன்' என்று அவனுடைய உம்மா என் பக்கம் தள்ளிவைத்த துண்டு எனக்கு மறக்காது. மஸ்கட்டும் தொதலும் அவர்களுடையவை. கோதுமை மாவைக் கழுவிப் பால் எடுத்து, கை ஓயாமல் கிண்டி, நெய் கக்கும்வரை நிற்கிற பொறுமை தமிழ்ப் பக்கத்தில் குறைவு.

கொத்துரொட்டி கிழக்கில் பிறந்தது என்ற பேச்சு தீவெங்கும் உண்டு. திருகோணமலையா மட்டக்களப்பா என்ற இழுபறிக்குள் நான் போகவில்லை. இரவு எட்டு மணிக்கு இரண்டு தகடும் கல்லில் விழுகிற தாளம் கேட்டால் எனக்குப் பசிக்கும், அவ்வளவுதான்.

பர்கரில் நமக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளிக்கூடக் கன்டீனில் இடைவேளைக்கு ஓடிப்போய் வாங்கிய மீன் பணிசை மறந்துவிட்டீர்களா? கிழங்கும் மிளகும் சேர்த்துப் பிரட்டிய மீனை உள்ளே வைத்துப் பணிசைச் சுட்டவர்களுக்குப் பர்கர் என்ற சொல் தேவைப்படவில்லை. அதையே இன்றைய பிள்ளைகளுக்குப் பிடித்தபடி பெரிதாக்கலாம். காலையில் கரைக்கு வந்த சூரை மீனில் தடித்த கட்லட். போத்தல் மயோனைசுக்குப் பதில், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த எருமைத் தயிரில் வெள்ளைப்பூடும் பச்சை மிளகாயும். சலாது இலைக்குப் பதில் வல்லாரைச் சம்பல். மேலே வறுத்த கூனி ஒரு கிள்ளு. மீன் அம்பாறைக் கரையிலும் ஏறலாம், தயிர் படுவான்கரையிலிருந்து வரட்டும், சுடுவது யாராயிருந்தாலும் சரி.

அதை எந்த ஊர்க் கடை முதலில் போடுகிறதென்று எழுதுங்கள். பஸ் ஏறி வருகிறேன். உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.